காலேஜுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எம்.கியூ.ஆர் பாருங்க: என்னோட ரிவ்யூ

எஸ்.பி.எம், அதான் ஸ்கூல் முடிக்கிற பரீட்சை, ரிசல்ட் வந்த உடனே நம்ம ஆளுங்க பண்ற கூத்து இருக்கே. ஒரு போன் வாங்கணும்னா பத்து ரிவ்யூ பாப்பாங்க, நாசி கண்டார் கடைக்குப் போறதுக்கே எத்தன ஸ்டார்னு பாப்பாங்க, ஆனா அம்பதாயிரம் வெள்ளிக்கு மேல போற படிப்புக்கு மட்டும் மாமா சொன்னாரு, மச்சான் மக அங்கதான் படிக்குதுன்னு சொல்லி கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவாங்க. அதனாலதான் இத எழுதுறேன். நான் ரிவ்யூ பண்ணப் போறது எந்தக் காலேஜையும் இல்ல. எம்.கியூ.ஆர்னு ஒரு பதிவேடு இருக்கு, மலேசியத் தகுதி நிறுவனம், அதான் எம்.கியூ.ஏ, அவங்க இன்டர்நெட்டுல போட்டு வச்சிருக்காங்க, யாரு வேணாலும் காசு இல்லாம தேடலாம், பேரு கூட குடுக்கத் தேவையில்ல. இந்த நாட்டுல முழு அக்ரெடிடேஷன், அதாவது தர அங்கீகாரம், வாங்குன படிப்பெல்லாம் அதுல இருக்கும். இவ்வளவு உருப்படியான ஒரு சர்வீஸ் இருக்குன்னு நம்ம தாமான்ல, அதான் குடியிருப்புல, கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல.

என்னப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா இவளுக்கு என்ன தெரியும்னு கேப்பீங்க. பினாங்குக்காரி நான், வீடு பட்டர்வொர்த்துல, வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில, கியூ.ஏ டிபார்ட்மெண்ட். அதனால இந்த தரக் கட்டுப்பாடு, ஆடிட், சர்டிஃபிகேட் எல்லாம் எனக்கு தினமும் சோறு மாதிரி. எங்க ஃபேக்டரிக்கு ஆடிட்டர் வந்தா என்ன பண்ணுவாங்கன்னா, வேலைய எப்படிச் செய்யணும்னு ஒழுங்கா எழுதி வச்சிருக்கீங்களா, எழுதுன மாதிரிதான் செய்றீங்களா, தப்பு வந்தா திருத்துறதுக்கு வழி இருக்கான்னு பாப்பாங்க. அந்த சர்டிஃபிகேட் இருக்குன்றதுக்காக அன்னிக்கு லைன்ல வந்த ஒவ்வொரு போர்டும் நல்ல போர்டுன்னு அர்த்தம் இல்ல. ஆனா சர்டிஃபிகேட்டே இல்லாத சப்ளையர் கிட்ட நாங்க ஒரு ஸ்க்ரூ கூட வாங்க மாட்டோம். எம்.கியூ.ஆர்ல ஒரு கோர்ஸ் இருக்குன்றதையும் நீங்க அப்படித்தான் எடுத்துக்கணும், அதுக்கு மேலயும் வேணாம், அதுக்குக் கீழயும் வேணாம். இதப் புரிஞ்சுக்கிட்டா இந்த சர்வீஸ் உங்களுக்கு நல்லா உதவும், புரியாம பாத்தீங்கன்னா ஏமாந்த மாதிரி இருக்கும்.

இது எப்படி வந்துச்சுன்னு சுருக்கமா. 1996ல தனியார் உயர்கல்வி நிலையங்களுக்குன்னு சட்டம் 555 வந்துச்சு, அதோட சேத்து லெம்பாகா அக்ரெடிடாசி நெகாரா, அதாவது தேசிய அங்கீகார வாரியம், எல்லாரும் லான்னு சொல்வாங்க, அதுக்கும் சட்டம் போட்டாங்க. லான் பாத்தது தனியார் காலேஜ மட்டும்தான். அரசாங்க யுனிவர்சிட்டிங்களோட தரத்த உயர்கல்வி அமைச்சுல இருந்த ஒரு பிரிவு தனியா பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டுக்கும் ரெண்டு அளவுகோல். அப்புறம் 2007ல சட்டம் 679 வந்து, அந்த வருஷம் நவம்பர் 1ல லானையும் அந்தப் பிரிவையும் ஒண்ணாச் சேத்து எம்.கியூ.ஏ ஆக்கினாங்க. அன்னையிலேருந்து அரசாங்கம், தனியார் எல்லாம் ஒரே தகுதிச் சட்டகத்துக்குள்ள, அதுதான் எம்.கியூ.எஃப், மொத்தம் எட்டு லெவல். 4 டிப்ளோமா, 6 டிகிரி, 7 மாஸ்டர்ஸ், 8 பி.எச்.டி. அதுக்கு முன்னாடி, 1997 பண நெருக்கடியில வெளிநாட்டுல படிக்கப் போக முடியாம நின்ன பிள்ளைங்களுக்காக மூணு வருஷமும் இங்கயே படிச்சு வெளிநாட்டு யுனிவர்சிட்டி டிகிரி வாங்குற 3+0 கோர்ஸ் எல்லாம் பெருகுச்சு, 1998ல மோனாஷ் இங்கயே கிளை தொறந்துச்சு, 2000ல நாட்டிங்ஹாம் வந்துச்சு. அப்ப காலேஜ் காளான் மாதிரி முளைச்ச காலம். எங்க அண்ணன் செட்டுல எத்தனையோ பேரு அப்ப ஏதோ ஒரு டிப்ளோமாவுக்குக் காசக் கட்டிட்டு அப்புறம் அந்தப் பேப்பர எங்கயும் காட்ட முடியாம நின்னாங்க. அவங்க பிள்ளைங்கதான் இப்ப எஸ்.பி.எம் முடிச்சு நிக்குதுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அண்ணன் மகளுக்கு கம்ப்யூட்டர் படிக்கணும்னு ஆசை. பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு மால்ல கல்விக் கண்காட்சி போட்டிருந்தாங்க, அண்ணி, நான், அவ மூணு பேரும் போனோம். உள்ள நுழைஞ்சா கை கால் வைக்க இடம் இல்ல, ஆளாளுக்கு ஒரு பை குடுக்குறாங்க, பேனா குடுக்குறாங்க, ஒரு கவுண்டர்ல லேப்டாப் தர்றோம்னு சொல்றாங்க. ஒரு கவுன்சிலர் தம்பி, நல்லாத் தமிழ் பேசுறான், "அக்கா, இது கவர்ன்மெண்ட் அப்ரூவ்ட், கவலையே படாதீங்க, இன்னிக்கே சைன் பண்ணா ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ பாதி"ன்னு சொல்றான். அண்ணி பர்ஸத் தொறந்துட்டாங்க. நான் கையப் புடிச்சு நிறுத்தி, தம்பி எது அப்ரூவ்ட், காலேஜா கோர்ஸான்னு கேட்டேன். எல்லாம்தான் அக்கான்னு சிரிக்கிறான்.

இங்கதான் எல்லாரும் கோட்ட விடுற எடம். காலேஜ் அமைச்சுல பதிவு ஆகியிருக்கறது ஒண்ணு. அந்தக் காலேஜ் ஒரு குறிப்பிட்ட கோர்ஸ நடத்த அமைச்சோட அனுமதி வாங்கியிருக்கறது இன்னொண்ணு. அந்தக் கோர்ஸுக்கு எம்.கியூ.ஏ அக்ரெடிடேஷன் குடுத்திருக்கறது மூணாவது. மூணும் தனித்தனி. பத்து வருஷமா நடக்குற நல்ல காலேஜ் கூட புதுசா ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சா அந்தக் கோர்ஸுக்குத் தனியா அக்ரெடிடேஷன் வாங்கணும். அதே கோர்ஸ கோலாலம்பூர்ல நடத்த வாங்கியிருந்தா பினாங்குக் கிளைக்கும் அது ஒட்டிக்காது, இங்க நடத்துறதுக்குன்னு தனியா இருக்கணும். கவுண்டர்ல நிக்கிறவங்க இந்த மூணையும் ஒரே கொழம்பாக் கலக்கி ஊத்திருவாங்க.

பிராஸ்பெக்டஸ்ல கீழ மூலையில எறும்பு சைஸுல ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க பாருங்க, அத யாரும் படிக்கிறதே இல்ல. நான் போன் கேமராவுல பெருசு பண்ணிப் படிச்சேன். அது எப்படி இருக்கும்னா, முதல்ல ஆர் (R) இல்லன்னா என் (N)னு ஒரு எழுத்து, சாய்வுக் கோடு, ஒரு நாலு நம்பர், சாய்வுக் கோடு, ஒத்த நம்பர், சாய்வுக் கோடு, இன்னொரு நாலு நம்பர், அப்புறம் பிராக்கெட்டுல எம்.கியூ.ஏ எஃப்.ஏ (FA) இல்லன்னா பி.ஏ (PA)ன்னு போட்டு ஒரு நம்பர், கடைசியா மாசமும் வருஷமும். என் (N) இருந்தா புது அனுமதி, ஆர் இருந்தா புதுப்பிச்சது, ஆர்2ன்னா ரெண்டாவது தடவ புதுப்பிச்சதுன்னு வச்சுக்கலாம். நடுவுல வர்ற நம்பர் படிப்போட துறை, 0613னு இருந்தா சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டது, பழைய கோர்ஸ்ல 481னு மூணு நம்பரா இருக்கும். அடுத்து நிக்கிற ஒத்த நம்பர்தான் முக்கியம், அது லெவல்: 3ன்னா ஃபவுண்டேஷன் (டிகிரிக்கு முன்னாடி படிக்கறது) இல்லன்னா சர்டிஃபிகேட், 4ன்னா டிப்ளோமா, 6ன்னா டிகிரி. அட்டையில கொட்டை எழுத்துல டிகிரி டிகிரின்னு போட்டுட்டு கீழ 4 நின்னா என்னன்னு கேளுங்க. எஃப்.ஏன்னா முழு அக்ரெடிடேஷன், பி.ஏன்னா தற்காலிகம். கடைசி மாசம் வருஷம் அமைச்சோட அனுமதி எப்ப முடியுதுன்னு. பிள்ளை படிப்பு முடிக்கிறதுக்குள்ள அது முடிஞ்சுருச்சுன்னா பயப்பட வேணாம், சாதாரணமா புதுப்பிப்பாங்க, ஆனா அடுத்த மாசமே முடியுதுன்னா புதுப்பிக்க மனு போட்டாச்சான்னு கேக்கறது நம்ம உரிமை.

அந்தத் தம்பி குடுத்த அட்டையில நாங்க கேட்ட கோர்ஸுக்கு நேரா அந்த நம்பரே இல்ல. மத்த கோர்ஸுக்கெல்லாம் இருக்கு, அதுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டு வெச்சிருக்கு. கேட்டா பிரிண்டிங் மிஸ்டேக்காம்.

அங்கயே ஒரு தூணோரமா நின்னுக்கிட்டு எம்.கியூ.ஆர தொறந்தேன். தேடறதுக்குக் காலேஜ் பேரு முழுசா அடிக்க வேணாம், பேருல வித்தியாசமான ஒரு வார்த்தை போதும், இல்லாட்டி கோர்ஸ் பேருல ஒரு பகுதி. காலேஜ் சமீபத்துல யுனிவர்சிட்டி காலேஜ் ஆகியிருந்தாலோ பேர் மாத்தியிருந்தாலோ பழைய பேரையும் போட்டுப் பாருங்க. வந்த லிஸ்டுல ஒரு கோர்ஸ தட்டினா அதோட முழுப் பேரு, நடத்துற நிலையம், அட்ரஸ், எந்த லெவல், எத்தன கிரெடிட், முழு நேரமா பகுதி நேரமா, எவ்வளவு காலம், எந்தத் தேதியிலேருந்து அக்ரெடிடேஷன்னு எல்லாம் வருது. நான் பாத்த வரைக்கும் இந்த சர்வீஸோட உயிர் இந்தத் தேதியிலதான் இருக்கு. அக்ரெடிடேஷன் முடிஞ்சு போன கோர்ஸ் கூட எதுலேருந்து எது வரைக்கும் செல்லும்னு பதிவுல நிக்கும், அதனால அந்தக் காலத்துல படிச்சு முடிச்சவங்களோட சர்டிஃபிகேட் செத்துப் போகாது. பழைய ஆளுங்க தன்னோட டிப்ளோமா செல்லுமான்னு பாக்கறதுக்கும் இதுதான் எடம். அந்தத் தம்பியோட காலேஜ் பேர போட்டதும் நிறைய கோர்ஸ் வந்துச்சு, கம்ப்யூட்டர்ல டிப்ளோமா கூட வந்துச்சு, அவன் விக்கப் பாத்த டிகிரி மட்டும் வரல. பொண்ணே தேடிப் பாத்தா, அவ அடிச்சாலும் வரல. போய்க் காமிச்சேன். "சிஸ்டம்ல இன்னும் அப்டேட் ஆகல அக்கா"ன்னான். அண்ணி பர்ஸ மூடிட்டாங்க.

எஃப்.ஏ பி.ஏ வித்தியாசத்தக் கொஞ்சம் விளக்கிடுறேன், நிறையப் பேரு பி.ஏன்னு பாத்ததும் போலின்னு நெனச்சு ஓடிருவாங்க. புதுக் கோர்ஸ் எல்லாமே பி.ஏலதான் ஆரம்பிக்கும். பாடத்திட்டம், ஆசிரியர், லேப், லைப்ரரி எல்லாம் பேப்பர்ல சரியா இருக்குன்னு பாத்து தற்காலிகமா குடுப்பாங்க. முதல் பேட்ச் பிள்ளைங்க கடைசி வருஷத்துக்கு வரும்போது காலேஜ் முழு அக்ரெடிடேஷனுக்கு மனு போடணும், அப்ப எம்.கியூ.ஏ ஒரு குழுவ அனுப்பும். குழுவுல இருக்கறவங்க அதே துறை லெக்சரர்ங்க, வேற யுனிவர்சிட்டிக்காரங்க. அவங்க நேர்ல வந்து பரீட்சைப் பேப்பர், திருத்துன பேப்பர் எல்லாம் பாப்பாங்க, பிள்ளைங்க கிட்டயும் பேசுவாங்க. 2017ல வந்த விதிமுறைப் புத்தகத்துல இதுக்கு ஏழு பகுதி வச்சிருக்காங்க: பாடத்திட்டம், மாணவர் மதிப்பீடு, மாணவர் தேர்வும் உதவியும், ஆசிரியர்ங்க, கல்வி வசதி, நிர்வாகம், கடைசியா தொடர்ந்து கண்காணிச்சு மேம்படுத்தறது. அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குப் புடிச்சது, ஏன்னா ஒரு தடவ சர்டிஃபிகேட் வாங்கிட்டு ஃபிரேம் போட்டு மாட்டிட்டா போதும்னு நெனைக்கிறவங்க எல்லாத் தொழில்லயும் உண்டு. அதனால பி.ஏ கோர்ஸ்ல முதல் பேட்ச்சா சேந்தா நீங்க முழு அக்ரெடிடேஷன் வர்றதுக்கு முன்னாடியே காசு கட்டிப் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சு சேருங்க. அதே காலேஜோட மத்த கோர்ஸெல்லாம் எஃப்.ஏ வாங்கியிருந்தா எனக்கு அவ்வளவு பயம் இல்ல. எதுக்குமே எஃப்.ஏ இல்ல, எல்லாம் பி.ஏன்னா நான் என் பிள்ளையச் சேக்க மாட்டேன். இது என் கருத்து.

அப்புறம் கிரெடிட். இதத்தான் நான் ஃபேக்டரியில கூட வேலை பாக்கற பசங்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். நைட் ஷிஃப்ட் பாத்துக்கிட்டே டிகிரி பண்ணலாம், சனிக்கிழமை மட்டும் வந்தா போதும், ஒண்ணரை வருஷத்துல முடிச்சிரலாம்னு விளம்பரம் வரும். எம்.கியூ.எஃப் கணக்குல ஒரு கிரெடிட்டுன்னா பிள்ளை 40 மணி நேரம் படிக்கணும், கிளாஸ், டுடோரியல், வீட்டுல உக்காந்து படிக்கறது, அசைன்மெண்ட், பரீட்சை எல்லாம் சேத்து. டிகிரிக்குக் குறைஞ்சது 120 கிரெடிட். 120ஐ 40ஆல பெருக்குங்க, 4800 மணி நேரம். மூணு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 1600, தீவாளி, தைப்பூசம், பெருநாள் ஒண்ணு விடாம வாராவாரம் உக்காந்தாலும் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல வரும். இத ஒண்ணரை வருஷத்துல சனிக்கிழமை மட்டும் வந்து எப்படி முடிப்பீங்க, நீங்களே சொல்லுங்க. முன்னாடி படிச்ச டிப்ளோமாவுக்குக் கிரெடிட் மாத்திக் குடுத்தா காலம் குறையலாம், அது நியாயம், எத்தன கிரெடிட் மாத்துறீங்கன்னு எழுத்துல வாங்கிக்குங்க. பகுதி நேரமா படிக்கறவங்களுக்கு காலம் கூடத்தான் செய்யணும், குறையக் கூடாது. வயசு 21 ஆன, வேலை அனுபவம் இருக்கறவங்க டிகிரியில சேர ஏ.பி.இ.எல்.ஏன்னு (APEL.A) ஒரு வழி இருக்கு, அதுவும் எம்.கியூ.ஏ விதிமுறைக்குள்ளதான், அனுபவத்த மதிப்பிட்டு உள்ள நுழைய விடுவாங்க. அது உள்ள போறதுக்குக் கதவு மட்டும்தான், உள்ள போனதும் படிச்சுத்தான் ஆகணும்.

சேர்ற தகுதியும் அப்படித்தான். பொதுவா ஃபவுண்டேஷனுக்கு எஸ்.பி.எம்ல 5 பாடத்துல கிரெடிட், டிப்ளோமாவுக்கு 3 பாடத்துல. இது பரீட்சையில வாங்குற கிரெடிட், மேல சொன்ன மணி நேரக் கணக்கு இல்ல. ரெண்டு கிரெடிட் வாங்குன பையன டிப்ளோமாவுல சேத்துக்கறேன்னு யாராவது சொன்னா சந்தோஷப்படாதீங்க, எந்த வழியில சேக்கறீங்கன்னு கேளுங்க, முதல்ல சர்டிஃபிகேட் படிச்சுட்டு டிப்ளோமாவுக்குப் போறதுதான் நேர் வழி.

எஞ்சினியரிங், நர்ஸிங், மருத்துவம், ஃபார்மசி இதெல்லாம் எம்.கியூ.ஆர் மட்டும் பாத்தா பத்தாது. அந்தந்தத் தொழிலுக்குன்னு வாரியம் இருக்கு, படிச்ச பிறகு அங்க பதிவு பண்ணாத்தான் வேலை. எஞ்சினியரிங்குக்கு மலேசிய எஞ்சினியர் வாரியத்துக்குக் கீழ இ.ஏ.சின்னு ஒரு குழு தனியா பாக்கும், அவங்க லிஸ்டுல இருக்கற டிகிரி வச்சிருந்தாத்தான் பட்டதாரி எஞ்சினியரா பதிவாகறது சுலபம். மலேசியா 2009ல வாஷிங்டன் ஒப்பந்தத்துல முழு உறுப்பினர் ஆச்சு, அதனால அந்த டிகிரிய ஆஸ்திரேலியா, பிரிட்டன் மாதிரி நாடுங்க கூட மதிக்கும். எங்க ஃபேக்டரியில எஞ்சினியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஹெச்.ஆர் இதத்தான் முதல்ல பாக்கறாங்க. நர்ஸிங்குக்கு ஜுருராவாட் வாரியம், மருத்துவத்துக்கு மெடிக்கல் கவுன்சில், ஃபார்மசிக்கு ஃபார்மசி வாரியம். டெக்னாலஜின்னு முடியற டிகிரியையும் எஞ்சினியரிங்னு முடியற டிகிரியையும் ஒண்ணுன்னு நெனச்சுராதீங்க, அதப் பாக்கற குழுவே வேற.

யு.எஸ்.எம், யு.எம் மாதிரி பெரிய அரசாங்க யுனிவர்சிட்டிங்களுக்கும், மோனாஷ் மாதிரி சில வெளிநாட்டுக் கிளைங்களுக்கும் சுய அக்ரெடிடேஷன்னு ஒரு தகுதி குடுத்திருக்காங்க. எம்.கியூ.ஏ அவங்களோட உள் தரக் கட்டுப்பாட்டையே ஆடிட் பண்ணி, நீங்களே உங்க கோர்ஸ அங்கீகரிச்சுக்கலாம்னு விட்டுருச்சு. அப்பவும் கோர்ஸ் பதிவேட்டுல வரும், நம்பர்ல எஃப்.ஏக்கு பதிலா எஸ்.டபிள்யூ.ஏன்னு இருக்கும். எங்க பக்கத்து வீட்டு அக்கா மக யு.எஸ்.எம்ல படிக்குது, அந்த அக்கா இதப் பாத்துட்டு எஃப்.ஏ இல்லயேன்னு ஒரு நாள் பூரா அழுதுட்டாங்க, பாவம். 1969ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, 2008ல அரசாங்கம் நாட்டுலயே முன்னணின்னு தேர்ந்தெடுத்து அபெக்ஸ் தகுதி குடுத்த ஒண்ணு, அதுக்குப் போய்.

செத்தாரா ஸ்டார் பத்தியும் நிறைய பேரு கேக்கறாங்க. அது யுனிவர்சிட்டிக்கு முழுசா போடுற ரேட்டிங், ஆறு ஸ்டார் வரைக்கும் உண்டு, காலேஜுக்கு மைகுவெஸ்ட்னு வேற. நல்லதுதான், ஆனா நீங்க படிக்கப் போற கோர்ஸ அது சொல்லாது. பேனர்ல அஞ்சு ஸ்டார் ஆறு ஸ்டார்னு போட்டா எந்த வருஷத்து ஸ்டார்னு கேளுங்க, பழைய ஸ்டார இன்னும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க.

இப்ப குறை. எம்.கியூ.ஆர்ல கோர்ஸ் இருக்கு, சரி, கிளாஸ் எப்படி நடக்குதுன்னு அதுல தெரியுமா? தெரியாது. ஃபீஸ் எவ்வளவு, லெக்சரர் எத்தன பேரு, முடிச்சவங்கள்ல எத்தன பேருக்கு வேலை கிடைச்சுது, எதுவும் கிடையாது. அமைச்சு பட்டமளிப்பு நேரத்துல பட்டதாரிங்க கிட்ட வேலை நிலவரம் கேட்டு ஆய்வு பண்ணுது, அந்த விவரத்துல கோர்ஸ் வாரியா ஒரு வரியக் கொண்டு வந்து இந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்துல போட்டா எவ்வளவு நல்லா இருக்கும். மொழியும் மலாய், இங்கிலீஷ்தான். எங்க அண்ணி மாதிரி தமிழ்ப்பள்ளியோட நிறுத்திட்டு எஸ்டேட்லேருந்து வந்தவங்களுக்கு எஃப்.ஏ பி.ஏன்னா என்னன்னு தமிழ்ல பத்து வரி விளக்கம் இருந்தா போதும், கவுண்டர்ல நிக்கற தம்பி சொல்ற கதையெல்லாம் நடக்காது.

அதனால பதிவேடு பாத்துட்டு நேர்ல போகணும். கண்காட்சிக்கு அப்புறம் பதிவேட்டுல எஃப்.ஏ இருந்த ஒரு காலேஜுக்குப் போனோம், பேரு வேணாம். கவுன்சிலர் எங்கள லாபி, கஃபே, ஜிம்முன்னு சுத்திக் காமிச்சாங்க. லேப் பாக்கலாமான்னு கேட்டோம், சாவி இல்லன்னாங்க. சரின்னு கேண்டீன்ல போய் உக்காந்து மீ கோரெங் வாங்கிட்டு பக்கத்து மேசையில இருந்த ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க கிட்ட அண்ணன் மக பேச்சுக் குடுத்தா. லேப்ல இருக்கற கம்ப்யூட்டர்ல பாதிதான் ஓடுதாம், எல்லாரும் சொந்த லேப்டாப் தூக்கிட்டு வர்றாங்களாம், ஒரு பாடத்துக்கு செமஸ்டர் நடுவுல லெக்சரர் வேலைய விட்டுட்டுப் போய் அஞ்சு வாரம் கிளாஸே இல்லாம அப்புறம் ஸ்லைடு மட்டும் அனுப்பினாங்களாம். ஒரு பையன் மட்டும், ஆனா டேட்டாபேஸ் எடுக்கற மேடம் நல்லா எடுப்பாங்க, அவங்களுக்காகவே இங்க இருக்கேன்னான். அந்தக் கால் மணி நேரத்துல கிடைச்ச விவரம் எந்தப் பதிவேட்டுலயும் கிடைக்காது. அதே கோர்ஸ் பதிவேட்டுல எஃப்.ஏ, எல்லாம் சுத்தம். ஆடிட் வந்துட்டுப் போன பிறகு லைன் எப்படி ஓடுதுன்னு ஆடிட்டருக்குத் தெரியாது, லைன்ல நிக்கறவனுக்குத்தான் தெரியும்.

காசு விஷயத்துல ரெண்டு சொல்லிடுறேன். பி.டி.பி.டி.என், அதான் அரசாங்கப் படிப்புக் கடன நம்பிச் சேர்றவங்க, கடன் கோர்ஸுக்குத்தான் கிடைக்குது, காலேஜுக்கு இல்ல. அக்ரெடிடேஷன் இல்லாத கோர்ஸுக்குக் கடன் வராது, காலேஜ்காரங்க வரும்னு சொன்னா பி.டி.பி.டி.என் கவுண்டர்ல கோர்ஸ் பேரையும் நம்பரையும் குடுத்து நீங்களே கேட்டுட்டு வாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ கட்டறதுக்கு முன்னாடி, கோர்ஸ் நடக்கலன்னா காசு திரும்புமா, எத்தன நாள்லன்னு எழுத்துல கேளுங்க, வாட்ஸாப்ல அனுப்பச் சொன்னாலும் போதும். வாயால சொன்னதெல்லாம் கண்காட்சி முடிஞ்சு பேனரச் சுருட்டும்போதே சுருண்டுரும்.

நம்ம பொண்ணு இப்ப வேற ஒரு எடத்துல ஃபவுண்டேஷன் சேந்துட்டா, அங்கயே மேல போற டிகிரிக்கும் எஃப்.ஏ இருக்கறதப் பாத்துட்டுத்தான் சேத்தோம், ஏன்னா ஃபவுண்டேஷனுக்கு மட்டும் இருந்து டிகிரிக்கு இல்லன்னா ஒரு வருஷம் கழிச்சு மறுபடி அலையணும். இத அண்ணி எங்க தாமான் கோயில்ல சொல்லப் போக, இப்ப ஆளாளுக்கு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறாங்க. நேத்து ஒரு அத்தை அவங்க பையனுக்கு ஏர்கான் கோர்ஸ், எம்.கியூ.ஆர்ல தேடினேன் வரவே இல்ல, ஃபிராடாம்மான்னு கேட்டாங்க. பாத்தா அது எஸ்.கே.எம், அதாவது மலேசியத் திறன் சர்டிஃபிகேட். கைத்தொழில் சர்டிஃபிகேட் எல்லாம் ஜே.பி.கே, மனிதவள அமைச்சுக்குக் கீழ இருக்கற திறன் மேம்பாட்டுத் துறை, அவங்க அங்கீகரிக்கறது. 1லேருந்து 3 வரைக்கும் எஸ்.கே.எம், 4 வந்தா டி.கே.எம், அதாவது திறன் டிப்ளோமா, 5 வந்தா டி.எல்.கே.எம், அதுக்கு மேல உள்ள உயர் டிப்ளோமா. அதுக்கு அந்த டிரெயினிங் சென்டர் ஜே.பி.கே லிஸ்டுல இருக்கா, எந்தத் தொழிலுக்கு எந்த லெவல் வரைக்கும் நடத்த அனுமதி இருக்குன்னு பாக்கணும். லெவல் 2 வரைக்கும்தான் அனுமதி இருந்துச்சுன்னா 3க்கு வேற சென்டர் தேடணும். சென்டர் பேர அனுப்புங்கத்தைன்னு சொல்லியிருக்கேன், இன்னும் வரல.